செம்மேட்டு டீசல் வண்டி

நிலைய நாள் 206. காலை 07:30
செம்மேடு நிலையம், செவ்வாய்க் கோள். பதிவு: துளசிமணி, எந்திரப் பராமரிப்பு.
ஆக்சிஜன் தொட்டி 530 கிலோ. ஆக்சிஜன் எந்திரம் ஒரு நாளைக்கு இரண்டு கிலோ தருகிறது. பாசி எண்ணெய் 160 கிலோ. வெளியே மைனஸ் 61. தூசி குறையவில்லை, சூரியத் தகடுகள் பாதிதான் வேலை செய்கின்றன. மேல்தளத்தில் காற்றழுத்தம் சரி. கீழ்த்தளத்தில் கரி வாடை.

நாள் 206. மாலை 16:10
இதைக் கண்டெடுப்பவர் யாரென்று தெரியாது. யாராக இருந்தாலும் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: நான் சாகவில்லை.

நாங்கள் நான்கு பேர். நிலையத் தலைவர் சம்பத்குமார். மருத்துவர் நஸ்ரீன். எலெக்ட்ரீசியன் ஆரோக்கியசாமி. நான். எட்டு நாளுக்கு முன்னால் கீழ்த்தளத்துப் பேட்டரி அறையில் தீப்பிடித்தது. ஒரு பேட்டரி விரிசல் விட்டிருக்கிறது, மாற்றுங்கள் என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்திருந்தேன். சம்பத் சார் மூன்று தடவையும் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

தீயை அணைக்க நானும் ஆரோக்கியமும் உள்ளே ஓடினோம். வெளியிலிருந்து கதவை மூடிவிட்டார்கள். முப்பத்திரண்டாம் நம்பர் ஸ்பேனரால் கதவை மாற்றி மாற்றி அடித்தோம். காற்றில்லாமல் தீ அடங்கியது, புகை அடங்கவில்லை. உள்ளே இருந்த மூச்சுக் கருவி ஒன்றுதான். மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டோம். ஒரு கட்டத்தில் ஆரோக்கியம் வாங்கவில்லை. நான் கிரைண்டரால் கீல்களை அறுத்து வெளியே வர மூன்று மணி நேரம் ஆனது. அதற்குள் சம்பத் சாரும் நஸ்ரீனும் இருந்த ஒரே நெடுந்தூர வண்டியை எடுத்துக்கொண்டு 310 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஏற்றுதளத்துக்குப் போய்விட்டார்கள். ஊர் திரும்பும் கப்பல் அங்கேதான் நிற்கிறது. பறக்கும் நாள்: 266.

ஆரோக்கியத்தைத் தகடுகளுக்குப் பின்னால் புதைத்தேன். துளைக்கம்பி இரண்டை வெட்டி, வெல்டு வைத்து, சிலுவை நட்டேன்.

நாள் 209. 11:00
பெரிய ஆன்டெனா தீயில் போய்விட்டது. ஊரிலிருந்து வருவது காதில் விழும். நான் பேசினால் தலைக்கு மேலே போகும் துணைக்கோள் வழியாக ஏற்றுதளத்துக்கு மட்டும்தான் போய்ச் சேரும். ஊருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றாலும் சம்பத் சார் தயவு வேண்டும்.

ஊரிலிருந்து வந்த இன்றைய அறிவிப்பை அப்படியே எழுதுகிறேன்:
"பராமரிப்பாளர் துளசிமணியின் கவனக்குறைவால் பேட்டரி அறையில் தீப்பற்றியது. அவரும் ஆரோக்கியசாமியும் அங்கேயே உயிரிழந்தனர். தலைவர் சம்பத்குமார் தன் உயிரைப் பொருட்படுத்தாமல் அவர்களை மீட்க முயன்றார்."

சம்பத் சார் நாக்கூசாமல் சொல்லியிருக்கிறார். என் மகள் மிதுனாவும் ஆரோக்கியத்தின் மனைவி ஸ்டெல்லாவும் கோயம்புத்தூரில் ஒரே தெருவில் இருக்கிறார்கள். இரண்டு பேரும் இதைக் கேட்டிருப்பார்கள். இனி ஸ்டெல்லா என் மகளை எப்படிப் பார்ப்பாள்?

அவர் ஊர் போய்ச் சேரக்கூடாது. அந்தப் பொய்யோடு போய் மாலை வாங்கிக்கொள்ளக்கூடாது. எனக்கு இப்போது வேண்டியது இது ஒன்றுதான்.

நாள் 211. 14:20
கைவசம் இருப்பவை: தரையில் துளையிடும் சிறு வண்டி ஒன்று, நான்கு சக்கரத்திலும் மோட்டார் உண்டு, இரண்டு பேர் உட்காரும் மூடிய கூண்டும் உண்டு. அதன் பேட்டரி ஒன்பது கிலோமீட்டர் ஓடும், அப்புறம் படுத்துவிடும். அவசரத்துக்கு வைத்த ஒற்றைச் சிலிண்டர் டீசல் என்ஜின், எட்டுக் குதிரைத்திறன், கூடவே ஜெனரேட்டர்.

இரண்டையும் சேர்த்துக் கட்டினால் வண்டி, 266க்குள் ஏற்றுதளம் போய்ச் சேரலாம். என்ஜின் சக்கரத்தைச் சுற்றாது. ஜெனரேட்டரைச் சுற்றும். ஜெனரேட்டர் பேட்டரிக்கு ஊட்டும். பேட்டரி மோட்டாருக்குக் கொடுக்கும். மேட்டில் ஏறும்போது பேட்டரி தோள் கொடுக்கும், சமவெளியில் என்ஜின் பேட்டரியைத் தேற்றும். கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது. கோயம்புத்தூர் கணபதியில் என் பட்டறையில் இதைவிட மோசமானவற்றை ஓட விட்டிருக்கிறேன்.

மூச்சுவிடக் காற்றில்லாத ஊரில் டீசல் எப்படி எரியும் என்று கேட்பீர்கள். எண்ணெய் ஒரு கிலோவுக்கு ஆக்சிஜன் மூன்றரைக் கிலோ கொடுக்க வேண்டும். தொட்டியையும் வண்டியிலேயே ஏற்றப்போகிறேன்.

நாள் 219. 10:45
சட்டம் வெல்டு முடிந்தது. கீழ்த்தளத்தின் எரிந்த கதவையே அறுத்து என்ஜினைத் தாங்கும் அடித்தகடாக்கிவிட்டேன். என்ஜின் ஏறி உட்கார்ந்தது. நான்கு போல்ட்டில் ஒன்று மரை போய்விட்டது, அதை வெல்டு வைத்துவிட்டேன். அழகுப் போட்டிக்கா போகிறோம்.

நாள் 224. 15:30
ஸ்டார்ட் ஆகவில்லை. நாற்பது தடவை முயன்றேன். வெளிக்காற்றைப் பிடித்து ஆக்சிஜனோடு கலந்து கொடுத்தேன். இங்கே வெளிக்காற்று பெரும்பாலும் கரியமில வாயு. அதை எவ்வளவு அமுக்கினாலும் டீசல் பற்றுகிற அளவுக்குச் சூடு ஏறுவதில்லை. மண்டை காய்கிறது.

நாள் 225. 09:15
பற்றிக்கொண்டது!

ஆக்சிஜன் எந்திரம் பிரித்தெடுத்த பிறகு மிச்சமாக ஆர்கான் வாயு வரும். இத்தனை நாள் வெளியே ஊதித் தள்ளிக்கொண்டிருந்தோம். அமுக்கினால் சட்டென்று சூடேறும் வாயு அது. அதைக் குப்பியில் பிடித்து ஆக்சிஜனோடு கலந்து கொடுத்தேன். இரண்டாவது சுற்றிலேயே டக் டக்கென்று பிடித்துக்கொண்டது. புகையைக் குளிரவைத்து, நீரை வடித்து, கரியமில வாயுவைப் பிரித்து, ஆர்கானைத் திரும்ப என்ஜினுக்கே அனுப்புகிறேன். செலவாவது ஆக்சிஜன் மட்டும்தான்.

ஆரோக்கியம் இருந்திருந்தால் ஒரு கத்து கத்தியிருப்பான். நான்தான் கத்தினேன், இரண்டு பேருக்கும் சேர்த்து. பிறகு கொஞ்சம் அழுதேன்.

நாள் 238. 13:00
முதல் ஓட்டம், பதினான்கு கிலோமீட்டர். சூடு பிரச்சினை. இங்கே காற்று என்று பேர்தான், எதையும் ஆற்றாது. என்ஜின் சூட்டுத் தண்ணீரை ஓட்டுநர் கூண்டின் தரைக்கடியில் ஓடவிட்டேன். என் கால் காய்கிறது, என்ஜின் ஆறுகிறது. மணிக்கு எட்டு கிலோமீட்டர். நிதானமாகப் போனாலும் போய்விடும்.

நாள் 244. 12:05
ரேடியோவில் குரல். நாற்பத்தாறு நாளுக்குப் பிறகு.
"செம்மேடு... செம்மேடு. அங்க யாராச்சும் இருக்கீங்களா? இங்க திரையில உங்க தொட்டி அளவு ஏறியெறங்குதுங்க. யாரோ எடுத்துப் பொழங்கற மாதிரி தெரியுது. ஆரா இருந்தாலும் பதில் சொல்லுங்க."

சம்பத் சார். கேட்டுவிட்டு வண்டி வேலைக்குத் திரும்பினேன்.

நாள் 247. 12:05
மூன்று நாளாகத் தினமும் கூப்பிடுகிறார். அவர் பேச்சிலிருந்து புரிந்துகொண்டது: கப்பல் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தயாரிக்கும். அந்த எந்திரம் தூசியில் அடைத்து நின்றுவிட்டது. போன வழியிலேயே வண்டிக்கு அச்சு முறிந்து, கடைசி ஆறு கிலோமீட்டர் நடந்துதான் சேர்ந்திருக்கிறார்கள். பறக்க முடியாது, திரும்பவும் முடியாது. அவர்களுக்கு வேண்டியது என் தொட்டியில் இருக்கிறது.

மூன்று நாளும் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே சோறு தின்றேன். இத்தனை நாளில் இன்றுதான் சோறு ருசியாக இருந்தது.

நாள் 248. 12:10
பேசினேன். நான் சொன்னது: "துளசிமணி பேசறனுங்க. ஆரோக்கியம் செத்துட்டானுங்க. நீங்க கதவ மூடுனீங்க."

பிறகு அவர்:
"துளசிங்க... சாமி சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. உள்ள உசுரோட ஆள் இருந்தா கதவுமேல எண்ணிக்கைப் பலகை காட்டுமல்லங்க? பூச்சியம்னுதானுங்க காட்டுச்சு. உசுரோட ஆரும் இல்லைன்னு நெனச்சு மூடிப்போட்டு, அந்த நிமிசமே வண்டி எடுத்துட்டனுங்க. ஒரு சத்தமும் கேக்கலீங்க. ரெண்டு பேரும் செத்துட்டீங்கன்னு நெனச்சுட்டனுங்க."

பொய் என்று கத்தினேன். அணைத்துவிட்டேன்.

நாள் 248. 17:40
ஏணி போட்டுக் கீழ்த்தளக் கூரையைப் பார்த்தேன். ஆட்களை எண்ணும் கேமரா அங்கேதான் இருக்கிறது. கரியைத் துடைத்தேன்.

கண்ணாடியின் நடுவில் சந்தனம். அதன்மேல் குங்குமம். காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருக்கிறது.

ஊரில் ஆயுத பூஜை என்று கணக்கு வைத்து நாள் 190இல் கும்பிட்டோம். பட்டறைப் பழக்கம், ஒரு எந்திரமும் விட்டுப்போகக்கூடாது. லேத்துக்கு, பம்புக்கு, ஸ்பேனருக்கு, எல்லாவற்றுக்கும் பொட்டு. ஆரோக்கியம் ஏணியைப் பிடித்துக்கொண்டான், நான் ஏறிக் கேமராவுக்கும் வைத்தேன். கண் இருக்கிற எந்திரம், அதற்குக் கண்ணிலேயே வைப்போம் என்று சிரித்தேன். எட்டு நாள் அந்த அறையில் யாருமே இல்லை என்று பலகை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஒருவரும் கவனிக்கவில்லை.

நான் வைத்த பொட்டு.

நாள் 250. 08:00
இரண்டு நாள் எதுவும் செய்யவில்லை. ஆரோக்கியம் புதைந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்பு கேட்டேன். அவன் என்ன சொல்வான்.

சம்பத் சார் பொய் சொன்னது உண்மை. என் தலையில் கட்டியதும் உண்மை. ஆனால் கதவை மூடியது அவர் குற்றமில்லையென்றால், ஒரு மனிதனைக் கொல்ல எனக்கு என்ன உரிமை? பயந்த மனிதன் பொய் சொல்வான். நானும் சொல்லியிருப்பேனோ என்னவோ.

நாள் 251. 12:10
பேசினேன். ஊருக்கு உண்மையைச் சொல்லச் சொன்னேன், பொட்டு விஷயத்தையும் சேர்த்து. சொல்கிறேன் என்றார். நஸ்ரீன் பேசினாள், அழுகை:
"அக்கா! உசுரோட இருக்கீங்களாக்கா! நான் வண்டிலயே உக்காந்துட்டு இருந்தேன்க்கா, ரெண்டு பேரும் போய்ட்டாங்கன்னு சார் சொன்னாரு. தெரிஞ்சிருந்தா எறங்கி ஓடியாந்திருப்பேன்க்கா."

அவள் ஓடிவந்திருப்பாள். எனக்குத் தெரியும்.

கணக்கு அவள்தான் போட்டுக் கொடுத்தாள். ஒருவர் மட்டும் பறக்க இன்னும் 120 கிலோ ஆக்சிஜன் வேண்டும். கூட ஏறும் ஒவ்வோர் ஆளுக்கும் 140. மூன்று பேருக்கு 400. போகும் வழிக்கு என்ஜினுக்கு 140. தொட்டியில் 545 இருக்கிறது. மூன்று பேரும் ஊருக்குப் போகலாம்.

நாள் 254. 06:50
புறப்பட்டேன். ஆக்சிஜன் 545, எண்ணெய் 140. வண்டிக்குப் பொட்டு வைக்கவில்லை.

நாள் 256. 14:00
131 கிலோமீட்டர். என்ஜின் சத்தம் சீராக இருக்கிறது. மூன்றாம் சக்கரத்து மோட்டார் சுடுகிறது, பாரத்தைக் குறைத்து ஓட்டுகிறேன். ஊரை நினைக்கத் தொடங்கிவிட்டேன். மிதுனாவுக்கு என்ன சொல்வது, ஸ்டெல்லாவுக்கு என்ன சொல்வது. இரண்டு வாசலிலும் நின்று நானே சொல்ல வேண்டும்.

நாள் 258. 10:20
ஒரு பள்ளத்தில் இரண்டு சக்கரம் இறங்கிவிட்டது. அந்த மூன்றாம் மோட்டார் கருகியது. ஏழு மணி நேரம் மண் வாரினேன். மூன்று சக்கரத்தில் ஓடுகிறது. ஓடட்டும்.

நாள் 260. 11:30
மேட்டின்மேல் ஏறிவிட்டேன். கப்பல் கண்ணுக்குத் தெரிகிறது, நான்கு கிலோமீட்டர். தொலைநோக்கியில் பார்த்தால், தரையில் நின்று இரண்டு பேர் கையை ஆட்டுகிறார்கள். ஆக்சிஜன் 402. நானும் கையை ஆட்டினேன்.

நாள் 260. 11:52
அவர்கள் உடையின் ரேடியோ நேரடியாகக் கேட்கிறது. மூன்று பேரும் ஒரே அலைவரிசை. சம்பத் சார் அழுதுகொண்டு பேசினார். அப்படியே எழுதுகிறேன். எழுதிவிட்டு நான்கு தடவை படித்துப் பார்த்தேன்.

"வாங்க துளசி, வாங்க. நீங்க வந்துட்டீங்க, எனக்கு இனி ஒரு கவலையுமில்லீங்க. என்னையப் பாவின்னு நெனைக்காதீங்க. உங்கள அப்பிடி வுட்டுப்போட்டு ஓடறவனா நானு? கதவுகிட்டயேதானுங்க நின்னேன். நீங்க அடிக்கறத நிறுத்துன பொறகுதானுங்க நான் கெளம்புனேன்."

வண்டியை நிறுத்தினேன்.

நாள் 260. 11:58
நஸ்ரீன்: "சார்... என்ன சொன்னீங்க? அடிச்சாங்களா? சத்தமே கேக்கலைன்னு சொன்னீங்களே சார்?"
நஸ்ரீன்: "எவ்வளவு நேரம் அடிச்சாங்க சார்?"

நான் சொல்கிறேன். பதினோரு நிமிடம். கைக்கடிகாரம் பார்த்துக்கொண்டேதான் அடித்தோம். அந்தப் பதினோரு நிமிடமும் அவன் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறான். பலகை பூச்சியம் என்றது, காது இருக்கிறார்கள் என்றது. அறை திறந்தால் தீ வெளியே வரும், வண்டிக்கு ஆபத்து. பலகையை நம்புவது அவனுக்கு வசதியாக இருந்தது. ஆரோக்கியத்தின் கை ஓயும்வரை நின்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

என் பொட்டுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இது அவனுடையது.

நாள் 260. 13:15
கணக்கு. நஸ்ரீன் ஊருக்குப் போக 120. இந்த வண்டி பாரமில்லாமல் செம்மேட்டுக்குத் திரும்ப 100. மொத்தம் 220. தொட்டியில் 402. அதிகமாக இருப்பது 182.

வால்வைத் திறந்துவிட்டால் பத்து நிமிடத்தில் போய்விடும். திறக்கவில்லை. என்ஜினை முழு வேகத்தில் வைத்தேன். மணிக்கு ஐந்து கிலோ குடிக்கும். ஒன்றரை நாள் ஆகும். என்ஜினுக்குச் சுமை வேண்டுமே, துளைக்கும் கம்பியை வெறுமனே சுற்றவிட்டேன், விளக்கு எல்லாவற்றையும் போட்டேன். கீழேயிருந்து நன்றாகத் தெரியும்.

நான் அனுப்பியது: "சம்பத், இது உம்பட பங்கு. எரியுது, பாத்துக்க. கிட்ட வந்தா மொத்தத்தையும் தெறந்து வுட்டுருவேன்."

நாள் 260. 18:00
377. கத்தினான், கெஞ்சினான். தன் பெண்டாட்டி பிள்ளையின் பேர் சொன்னான். எனக்கும் அவர்களைத் தெரியும், அனுப்பிவைக்கும் விழாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, இவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மா சொன்னார். பார்த்துக்கொள்வேன்.

நாள் 261. 09:30
300. ராத்திரி முழுக்க என்ஜின் ஒரு தடவைகூடத் திணறவில்லை. இந்த எட்டுக் குதிரைத்திறனை முத்தமிடலாம் போலிருக்கிறது.

நஸ்ரீன்: "அக்கா, போதும்க்கா. ரெண்டு பேரு போற அளவு இன்னும் இருக்குதுக்கா. நிறுத்திட்டு வந்துருங்க. நீங்களும் நானும் போயிர்லாம். மிதுனா காத்துட்டிருப்பாக்கா."

இரண்டு பேர் பறக்க 260 கிலோ வேண்டும்; தொட்டி அதற்கு இறங்கும்வரை நிறுத்த நேரம் இருக்கிறது. உட்கார்ந்து யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன், ஊர் ஆசை வந்தது. மிதுனாவின் முகம் வந்தது. ஆனால் நாங்கள் போய்விட்டால் இவன் இங்கே ஒரு வாரத்தில் செத்துவிடுவான். கப்பல் போய்விட்டால் இங்கே மிச்சம் ஓர் அவசரக் கூடாரம்தான், ஒரு வாரக் காற்றோடு. ஒரே வாரம். அது அவனுக்கு ரொம்பக் குறைவு.

நாள் 261. 17:40
260. என்ஜினை நிறுத்தவில்லை.

நாள் 262. 02:10
220. நிறுத்தினேன். திடீரென்று அமைதி. காதுக்கு என்னவோபோல் இருக்கிறது.

நாள் 262. 10:00
கப்பலுக்கு ஓட்டிப் போனேன். நஸ்ரீனை உள்ளே போய்க் கதவைப் பூட்டச் சொன்ன பிறகுதான் குழாயை மாட்டினேன். சம்பத் இருநூறு அடி தள்ளி, அவசரக் கூடாரத்தின் வாசலில் மண்ணில் உட்கார்ந்திருந்தார். 120 கிலோ ஏற்றினேன். இந்தப் பதிவின் நகலையும் அவர் பேசிய ஒலியையும் நஸ்ரீனிடம் அனுப்பிவிட்டேன். இரண்டு வாசலிலும் நின்று அவள் சொல்வாள்.

நாள் 266. 08:12
கப்பல் பறந்தது. சரியாகப் போனது. "அக்கா... அல்லா உங்கள மன்னிக்கட்டும்க்கா," என்றாள் நஸ்ரீன். அதுதான் கடைசியாகக் கேட்டது.

வண்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நான் சொன்னது: "ஏறுங்க சார். போலாம்." வேறு போக்கிடமில்லை. ஏறினார்.

நாள் 273. காலை 07:30
செம்மேடு. ஆக்சிஜன் எந்திரம் ஒரு நாளைக்கு இரண்டு கிலோ தருகிறது. இரண்டு பேர் மூச்சுக்குச் சரியாக இருக்கும். நான்கு பேருக்கு வைத்த சாப்பாடு தாராளமாகப் போதும். அடுத்த கப்பலுக்கு 741 நாள்.

மேல்தளத்தில் மூன்று அறை காலியாக இருக்கிறது. சம்பத் சாருக்குக் கீழ்த்தளத்தில் படுக்கை போட்டிருக்கிறேன், ஆரோக்கியம் கிடந்த இடத்திலேயே. வேறு அறை கேட்டார். இல்லை என்றேன்.

நாள் 275. காலை 07:30
இரண்டு நாளாகச் சாப்பிட மாட்டேன் என்கிறார். கையைக் கட்டி, குழாய் போட்டுக் கஞ்சியை இறக்கினேன். பிறகு வாயைத் துடைத்துவிட்டேன். காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். இல்லை. நாடி சீராக இருக்கிறது.

அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது. 739 நாள் இருக்கிறது. அதில் ஒரு நாள்கூட அவருக்குக் குறையக்கூடாது.